கரண்ட், தண்ணி சேர்த்து வாடகையா? முதல்ல மீட்டரைப் பாருங்க

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் இருக்கிறோம். மகளுக்குச் சரவணம்பட்டியில் வேலை கிடைத்திருப்பதால் நான், மகள், என் அம்மா மூவரும் கோவைக்குக் குடி போகிறோம். கணபதியில் ஒரு வீடு, கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் என்கிறார்கள். சின்னவேடம்பட்டியில் இன்னொன்று எட்டாயிரம், கரண்ட் பில் தனி. எங்களிடம் ஃபிரிட்ஜ், டிவி, ரெண்டு ஃபேன்தான், ஏசி இல்லை. மாதம் ஒரே தொகை என்றால் நிம்மதி என்கிறார் அம்மா. எதை எடுக்கலாம்ங்க?

பதில்: எட்டாயிரம் வீட்டை எடுங்க. ஆனால் அந்த வீட்டுக்கென்று ஈபி மீட்டர் தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்க.

நீங்க சொல்லும் சாமான்களுக்கு ரெண்டு மாதத்தில் 200 யூனிட்டை ஒட்டித்தான் ஓடும். 2016-இல் வந்த சலுகைப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறுக்கும் மானியம் உண்டு. தனி இணைப்பாக இருந்தால் பில் 250 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மாதம் 125 ரூபாய் சமாச்சாரத்துக்கு ரெண்டாயிரம் கூடக் கொடுப்பது நிம்மதிக்கு ரொம்பப் பெரிய விலைங்க. ஹீட்டர் வாங்கினாலும் அப்படியொன்றும் ஏறாது. 2 கிலோவாட் ஹீட்டரைத் தினம் அரை மணி நேரம் போட்டால் ரெண்டு மாதத்துக்கு 60 யூனிட்.

"எல்லாம் சேர்த்து" என்று விடும் வீடுகளில் பல, ஒரே ஈபி மீட்டரில் மூன்று நான்கு குடித்தனம் ஓடுகிறவை. இலவச யூனிட் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. நாலு வீடு 200 வீதம் எரித்தால் 800 யூனிட். ஐந்நூறைத் தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் விழும். பில் நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். அதே நாலு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் மொத்தமே ஆயிரத்துக்குள். ஓனர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. தனி இணைப்பு வாங்காமல் விட்டதன் செலவு உங்க வாடகையில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான்.

சின்னவேடம்பட்டி ஓனரிடம், "பில்லை நாங்களே கட்டிக்கிறோம், சர்வீஸ் நம்பர் குடுங்க" என்று கேளுங்க. நம்பர் கிடைத்தால் பழைய பாக்கி ஏதும் நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மழுப்பினால் அங்கே இருப்பது பெரும்பாலும் சப் மீட்டர், அதாவது ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து மாட்டிய மீட்டர். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கேட்டாலும் மாதம் ஆயிரம்தான் வரும், கூட்டினால் ஒன்பதாயிரம். அப்போதும் கணபதி வீட்டை விடக் குறைவு.

கரண்டை விடத் தலைவலி தண்ணிதான். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா, எத்தனை மணிக்கு வருகிறது என்பதை ஓனரிடம் கேட்காதீங்க. பக்கத்து வீட்டு அம்மணியிடம் கேளுங்க. போர் தண்ணி உப்பா என்று ஒரு வாய் வைத்துப் பாருங்க. கோடையில் லாரித் தண்ணி ஊற்றினால் காசு யார் கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும். "வாடகையில் தண்ணி அடக்கம்" என்று வாயால் சொன்னது ஏப்ரலில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: ரெண்டு வீட்டிலுமே பத்து மாத வாடகையை அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ரெண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் செல்லும் என்று ஓட்டையையும் அதுவே வைத்திருக்கிறது. அதனால் பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸ் திரும்பி வர வேண்டும். தகராறு என்று கரண்டையோ தண்ணியையோ ஓனர் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு அவரிடம் பதிந்துகொள்ளுங்க. அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்புங்க, ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்காமல் சாவியை வாங்காதீங்க.