பழைய 4 ஜிபி ரேம் மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்? எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீடு, விண்டோஸ் 11 ஏற மறுக்கும் அப்பாவின் மடிக்கணினி, இணையத்துக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பேட்டரி செத்திருக்கும், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்து அழிக்கத் தேவையில்லை. 16 ஜிபி பென்டிரைவில் வென்டாய் என்ற பூட் நிரலைப் போடுங்கள். அதில் முன்பிருந்ததெல்லாம் அழிந்துவிடும். பிறகு பார்க்கப்போகும் லினக்ஸ்களின் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் வட்டு) கோப்புகளைச் சும்மா காப்பி செய்தால் போதும், பூட் ஆகும்போது பட்டியல் காட்டும். செக்யூர் பூட் (தெரியாத மென்பொருளைப் பூட் ஆக விடாத காவல்) போட்டிருந்தால் முதல் தடவை ஒரு நீலத்திரை மிரட்டும். ஓகே கொடுத்து, 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டி, ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ வழியே போய் வென்டாயின் சாவிக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்காது.

பென்டிரைவை மட்டும் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்காதீர்கள். மேலே 128 ஜிபி என்று அச்சடித்திருக்கும், உள்ளே 8 கூடத் தேறாது. காப்பி முடிந்ததாகவே காட்டும், பூட் பாதியில் நிற்கும், பழி லினக்ஸ் மேல் விழும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரலை ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, எதைப் பார்ப்பது? மிண்ட், உபுண்டு, எம்எக்ஸ், டெபியன் என்று நாலு லினக்ஸ் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரைப் பெண் பார்த்த மாதிரிதான். எல்லாம் டெபியன் வம்சம். எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான திரைமுகம் கொண்ட மிண்ட், ஃபெடோராவின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு, டெபியன் வம்சமே ஆனாலும் ரொம்ப இளைத்த ஆன்டிஎக்ஸ், இந்த மூன்று போதும். ஆர்ச் என்ற லினக்ஸின் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆர்ச் நல்லதுதான், ஹாட்ஸ்பாட் டேட்டாதான் அதன் அப்டேட்டுக்குத் தாங்காது.

லைவ்வில், அதாவது இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்க்கையில், வேகத்தைப் பார்த்து எடைபோடாதீர்கள், பென்டிரைவிலிருந்து ஓடும்போது எதுவும் மந்தமாகத்தான் இருக்கும். வன்பொருளைப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? பிராட்காம் சில்லு என்றால் பல நேரம் பிடிக்காது. கைப்பேசியை யூஎஸ்பி டெதரிங்கில் செருகி, மிண்டின் டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கலாம். மூடியை மூடி 5 நிமிடம் கழித்துத் திறங்கள். திரை வருகிறதா, வைஃபை திரும்புகிறதா? பழைய மடிக்கணினிகள் இங்கேதான் கவிழும். மூன்றில் எது இதில் தேறுகிறதோ அதைப் போடுங்கள், மூன்றும் தேறினால் மிண்ட்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். 40 ஜிபி இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி எடுங்கள். இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) சாட்டா முறை, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ரெய்ட் அல்லது ஆர்எஸ்டியில் இருக்கும். இன்ஸ்டாலருக்குப் புரியும் ஏஎச்சிஐ முறைக்கு உடனே மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். இதையெல்லாம் காலையில் செய்யுங்கள். சாயங்கால இடி மழையில் கரண்ட் போய், பேட்டரியும் இல்லாமல், பார்ட்டிஷன் பாதியில் நின்றால் அப்பாவின் படங்களும் சேர்ந்து போகும். காப்பி எடுத்து வைத்தீர்களா?

தமிழுக்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் தமிழ்99, ஒலியியல் விசைப்பலகைகள் இரண்டும் வரும். ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் சில வேர்டு கோப்புகள் கோழி கிறுக்கியதுபோல் தெரியும். அது லினக்ஸின் குற்றமில்லை. யூனிகோட் வந்து எத்தனை காலமாயிற்று, இன்னும் பழைய எழுத்துருவில் தட்டி அனுப்புகிறவர்களை என்ன சொல்வது! பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு உள்ளேயே சேர்ந்து வந்துவிடும்.