கருவி செய்பவரே உதிரிபாகக் கம்பெனியையும் வாங்கிவிடலாமா?

கேள்வி, கருவி தயாரிக்கும் நிறுவனம் தனக்குப் பாகம் தரும் கம்பெனியையும் சொந்தமாக்கிக்கொள்வது லாபமா என்பது. பெரும்பாலும் இல்லை என்பேன்.

நம்ம ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளையே எடுங்கள். அங்கே இறக்கை மெதுவாகத்தான் சுற்றும், ஜெனரேட்டருக்கோ வேகம் வேண்டும். பெரும்பாலான காற்றாலைகளில் அந்த வேகத்தைக் கூட்டித் தருவது கியர்பாக்ஸ். 2000களின் நடுவில் உலகம் முழுக்க அதற்குத் தட்டுப்பாடு. அதனால் காற்றாலை செய்யும் இந்திய நிறுவனமான சுஸ்லான் 2006இல் பெல்ஜியத்தின் ஹான்சன் என்ற கியர்பாக்ஸ் கம்பெனியையே வாங்கியது. சரக்குக்குக் கவலையில்லை, சரி. ஆனால் ஹான்சனிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் வெஸ்டாஸ் போன்ற போட்டியாளர்களும் உண்டு. போட்டியாளரின் கைக்குள் இருக்கும் கடையில் யார் நிம்மதியாக ஆர்டர் கொடுப்பார்? அப்புறம் சுஸ்லானுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, 2011இல் முழுதாக வெளியேறியது.

சிப் தொழிலிலும் இதே கதைதான். கணினிச் சிப் நிறுவனமான ஏஎம்டி தன் சிப் ஆலைகளை 2009இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ஆலை சொந்தமென்றால் ஆர்டர் குறைந்த மாதத்திலும் அதற்குத் தீனி போட்டாக வேண்டும். ஆப்பிள் 2008இல் பி.ஏ. செமி என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை வாங்கியது, ஆனால் தன் ஐபோன் சிப்புகளைத் தானே தயாரிப்பதில்லை. அவற்றைச் செய்து தருவது தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

சாம்சங் மெமரி, திரை எல்லாம் சொந்தமாகச் செய்கிறதே என்பீர்கள். அது போட்டியாளரான ஆப்பிளுக்கும் திரை விற்கிறது. அந்த அளவு விற்க முடிந்தால் தாராளமாகச் செய்யலாம்.