சனிக்கிழமை கச்சேரி, ஞாயிறு ஆராதனை

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. எங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். வீட்டுச் செலவுக்காக லைட் மியூசிக் குழுவிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசிக்கப் போகிறேன். சபைப் பெரியவர் ஒருவர், "சினிமாப் பாட்டு வாசித்த கையால் ஆராதனையில் வாசிக்காதே, ஏதாவது ஒன்றை விடு" என்கிறார். கிறிஸ்தவ இசைக்கலைஞன் கிறிஸ்தவப் பாட்டு மட்டும்தான் வாசிக்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம், நாசரேத்

பதில்: இல்லை தம்பி. நேர்மையாகச் செய்கிற எந்த வேலையையும் கர்த்தருக்கென்று செய்யலாம் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியபோது அவர் மனதில் இருந்தவர்கள் பாடகர்கள்கூட இல்லை, எஜமான் வீட்டில் உழைத்த அடிமைகள். அவர்கள் வேலைக்கே அது பொருந்தும் என்றால் உன் கீபோர்டுக்குப் பொருந்தாதா?

பாக் என்ற ஜெர்மானியரைக் கேள்விப்பட்டிருப்பாய். 1723 முதல் 1750இல் சாகும்வரை லைப்சிக் நகரத்தின் தோமா ஆலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்தவர். அந்த மனிதரே 1729 முதல் பல வருடங்கள் அந்த ஊர் இசைக்குழு ஒன்றை நடத்தி, சிம்மர்மன் என்பவரின் காபிக் கடையில் கச்சேரி செய்தார். காபியை விட முடியாத ஒரு பெண்ணைப் பற்றி வேடிக்கையான இசை நாடகம்கூட எழுதியிருக்கிறார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. 1720இல், ஒன்பது வயது மகனுக்கு விரல் பழகுவதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் ஆரம்பிக்கிறார். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண் போட்டுக் காட்டுகிற முதல் பாடத்தின் தலைப்பில், 'இயேசுவின் நாமத்தில்' என்பதற்கான மூன்று லத்தீன் எழுத்துகள் இருக்கின்றன. விரல் பயிற்சிக்கு! எனக்குத் தெரிந்து உன் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எந்த மேடை என்பதற்கு முன்னால், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறாயே, அந்த நேரம் யாருக்கு என்பதை முடிவு செய்துகொள்.

ஆனால் அந்தப் பெரியவரை ஒதுக்கிவிடாதே, அவர் பயத்திலும் நியாயம் இருக்கலாம். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிவரை கச்சேரி, காலையில் தூக்கக் கண்ணோடு ஆலயத்துக்கு வந்து, ஸ்கேலைத் தானாக மாற்றித் தருகிற டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி, எல்லாப் பாட்டுக்கும் அதே நாலு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசித்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. வரவேற்பில் மணமகன் வீட்டார் கேட்கப்போகிற பாட்டுக்கு மூன்று நாள் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனைக்கு ஒத்திகையே இல்லை என்றால் கர்த்தருக்கு மிச்சம் மீதிதான் போகிறது. 33ஆம் சங்கீதம் நேர்த்தியாய் வாசிக்கச் சொல்கிறது. ஆராதனையில் உன் வாசிப்பு முன்னால் நிற்கவே கூடாது. கடைசி பெஞ்சில் இருக்கிற பாட்டியும் தொண்டை கிழியாமல் பாடுகிற ஸ்கேலை எடு, சரணத்துக்கு நடுவில் அவர்கள் மூச்சு வாங்க இடம் விடு, உன் திறமையைக் காட்டுகிற வாசிப்பை அங்கே கொண்டுவராதே.

அப்புறம், வெளி மேடையில் உன் விசுவாசம் தெரிகிற இடம் பாட்டின் பெயர் மட்டும் இல்லை. அட்வான்ஸ் வாங்கிய பிறகு இன்னொருவர் கூடுதலாகத் தருகிறார் என்று இவரைக் கைவிடுகிறாயா, குழுவில் இருக்கிற தபேலாக்காரருக்குப் பேசிய தொகை போய்ச் சேருகிறதா, கச்சேரி முடிந்து மது பாட்டில் திறக்கும்போது நீ என்ன செய்கிறாய்? பெண்ணைக் கேவலப்படுத்துகிற பாட்டு என்றால், தேதி கொடுப்பதற்கு முன்பே "இது வாசிக்க மாட்டேன்" என்று சொல்லிவிடு. அதனால் சில வாய்ப்புகள் போகும், போகட்டும்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் கற்கிறேன். கீர்த்தனைகள் பெரும்பாலும் இந்து தெய்வங்களைப் பற்றியவை. வீட்டில் சங்கடப்படுகிறார்கள். விட்டுவிடவா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: விடாதே தங்கச்சி. ராகமும் தாளமும் நம் சபைக்கு வெளியாட்கள் இல்லை. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடிப் பாடிய குறவஞ்சி வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சித்த மருத்துவரான ஆபிரகாம் பண்டிதரோ, வைத்தியத்தில் சம்பாதித்ததை இசை ஆராய்ச்சியில் கொட்டி, 1912 முதல் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் கூட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். அவர் ஊன்றிய கிறிஸ்தவர். அவர் கூட்டிய மாநாடுகளில் வித்துவான்கள் பலரும் இந்துக்கள், ஒரே பந்தலில் உட்கார்ந்து சுருதியைப் பற்றி வாதாடினார்கள்.

சரி, உன் சங்கடத்துக்கு வருவோம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் வெறும் சுரம்தான், அதில் பிரச்சினை இல்லை. அடுத்து வரும் கீதத்திலிருந்துதான் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், வருகிறது. பாடத்துக்காக ஒரு கிருதியைப் படிப்பதும், ஆராதனையாக அதைப் பாடுவதும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதில் உன் மனச்சாட்சிதான் முடிவு செய்ய வேண்டும், என் மனச்சாட்சியைக் கடன் வாங்காதே. உன்னால் முழு மனதோடு பாட முடியாததை மேடையில் பாட ஒத்துக்கொள்ளாதே, அது உனக்கும் நல்லதில்லை, அதை உயிராக நினைத்துப் பாடுகிறவர்களுக்கும் மரியாதை இல்லை. உன் டீச்சரிடம் மறைக்காமல் நேரில் சொல். நல்ல குரு கேட்டுக்கொள்வார். அதற்காக அவருடைய நம்பிக்கையைக் குறைத்து ஒரு வார்த்தைகூடப் பேசிவிடாதே.

கேள்வி: பல வருடங்களாக ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன். சம்பளம் கேட்டால் "ஊழியத்துக்குக் கூலியா?" என்கிறார்கள். கேட்பது தப்பா?
– ஒரு ஆர்கனிஸ்ட், மதுரை

பதில்: தப்பே இல்லை ஐயா. நெகேமியா 13ஆம் அதிகாரத்தை கமிட்டியில் வாசித்துக் காட்டுங்கள். ஆலயப் பணி செய்த லேவியருக்கும் பாடகருக்கும் பங்கு கொடுக்காததால் அவர்கள் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா ஓடிப்போனவர்களைத் திட்டவில்லை, பொறுப்பில் இருந்தவர்களிடம்தான் சண்டை போட்டார். மேலே சொன்ன இசைக்கலைஞர் பாக் அவர்களுக்கும் இந்தக் கஷ்டம் இருந்தது. 1730இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் நல்ல காற்று அடித்தால் சாவு குறைகிறது, அடக்க ஆராதனைக் காசும் குறைகிறது என்று கணக்குச் சொல்கிறார்.

மனதார இலவசமாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் தரும் காணிக்கை. காணிக்கையை யாரும் இன்னொருவரிடமிருந்து கட்டாயமாக வாங்க முடியாது. கேட்கும்போது கோபமாக வேண்டாம். வாரத்துக்கு எத்தனை ஆராதனை, பாடகர் குழு ஒத்திகை எத்தனை மணி நேரம், கல்யாணமும் அடக்கமும் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி ஆயரிடம் கொடுங்கள், அடுத்த வருட பட்ஜெட் போடுவதற்கு முன்னால்.