வேக் டிரெஸ்ஸிங்கோடு ஏற்காட்டுக்குத் திரும்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை நோயாளி. சேலத்தில் கால் சுண்டுவிரலை எடுத்த இடம் ஆறாததால், மெஷின் வைத்துப் புண்ணின் நீரை உறிஞ்சும் வேக் டிரெஸ்ஸிங் போட்டிருக்கிறார்கள். சின்ன மெஷினோடு ஏற்காடு வீட்டுக்குப் போகலாமாம். ஆனால் மெஷின் அடிக்கடி கத்துகிறது. அழைத்துப் போகலாமா டாக்டர்?

பதில்: முதலில் அந்தச் சத்தம். உறிஞ்சிய நீர் சேரும் டப்பா நிரம்பினாலும் குழாய் மடங்கினாலும் கத்தும். ஆனால் பாதத்தில் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான் காரணம். புண்ணுக்குள் வைத்த ஸ்பாஞ்சை ஒட்டும் படலத்தால் மூடி, வழக்கமாக 125 மி.மீ. பாதரச அளவில் மெஷின் உறிஞ்சுகிறது. இழுப்பு சரியாக இருந்தால் ஸ்பாஞ்ச் உலர்திராட்சை போலச் சுருங்கிக் கெட்டியாக இருக்கும். உப்பிக் கிடந்தால் எங்கோ கசிகிறது. டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள், 'உஸ்' என்று வரும். விரல் இடுக்கில்தான் முதலில் தேடுங்கள். வியர்வை படிந்து படலம் கிளம்பும் இடம் அது. ஈரத்தைத் துடைத்து, துண்டுப் படலத்தால் ஒட்டுப்போடுங்கள்.

நாளொன்றில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இழுப்பு நிற்கக் கூடாது. நின்றால் ஸ்பாஞ்சில் தேங்கும் நீரில் கிருமி பெருகும். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, சலைனில் (உப்புநீரில்) நனைத்த காஸ் துணி வைக்க வேண்டும். மலையில் மழைக்காலக் கரண்டை நம்பாதீர்கள், பேட்டரி எப்போதும் முழுச் சார்ஜில் இருக்கட்டும். எத்தனை துண்டு ஸ்பாஞ்ச் வைத்தார்கள் என்பதைப் படலத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் சீழ்தான்.

குழாயில் சிவப்பாக ரத்தம் ஓடினால் மெஷினை நிறுத்துங்கள். டிரெஸ்ஸிங்கைப் பிய்க்காமல் மேலேயே அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

காலுக்கு ரத்த ஓட்டம் பார்த்தார்களா, கருத்த சதையை முழுக்க வெட்டி எடுத்தார்களா, எலும்பில் கிருமி இல்லையா என்றும் கேளுங்கள். இவை சரியில்லாமல் மெஷின் போட்டால் செலவுதான் மிச்சம்.

டிரெஸ்ஸிங்கை 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாரம் மூன்று தடவை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறுவதா? ஏற்காட்டிலேயே மாற்றத் தெரிந்த நர்ஸ் கிடைத்தால் போங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு வாரமாவது சேலத்தில் உறவுக்காரர் வீட்டில் இருப்பதே என் யோசனை. எங்கே இருந்தாலும் அந்தக் காலை ஊன்றவிடாதீர்கள், பாத்ரூமுக்குக்கூட வாக்கரோடுதான்.