மகள் மிட்ஃபீல்டராக ஆடுகிறாள், கால்பந்தையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மகளுக்குப் பதினாறு வயது, மாவட்ட அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். ப்ளஸ் டூ முடிந்ததும் கால்பந்தே போதும் என்கிறாள். கோலே அடிக்காத பெண்ணை எந்த கிளப் எடுக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

போகலாம் என்பதுதான் என் பதில். ஒரே நிபந்தனை, சீருடைப் பணியோ வேறு அரசு வேலையோ ஒன்றைக் குறிவைத்துக்கொண்டே போக வேண்டும். அதை ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயமாக வைக்காதீர்கள். இன்றைய இந்தியாவில் ஒரு மிட்ஃபீல்டர் முப்பது வயது வரை களத்தில் இருக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் அந்த வேலைதான் அவளை அங்கே நிறுத்துகிறது.

நான் கோச் இல்லை. என் அக்கா மகள் சென்ட்ரல் மிட்ஃபீல்டர். மாநில அணிக்கு ஆடினாள், இந்திய மகளிர் லீகில் ஒரு கிளப்பில் இருந்தாள், இப்போது சீருடை போட்ட வேலையில் இருக்கிறாள், துறை அணிக்கும் ஆடுகிறாள். ட்ரையல்ஸுக்குக் கூட்டிப் போனது, ஒப்பந்தக் காகிதங்களை வரிவரியாகப் படித்தது, சம்பளம் வரவில்லையே என்று போன் போட்டது எல்லாம் மாமனான நான்தான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்த கோல் விஷயம். 2022 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து இங்கிலாந்து மிட்ஃபீல்டர் கீரா வால்ஷை பார்சிலோனா வாங்கியது. பெண்கள் கால்பந்தில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை, ஏறக்குறைய 4 லட்சம் பவுண்டு. அவர் பின்களத்துக்குச் சற்று முன்னால் நின்று பந்தை வாங்கி, எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புகிறவர். கோல் கணக்கைப் பார்த்தால் பக்கம் காலியாகத்தான் இருக்கும். அவருக்குத்தான் அன்றைக்கு உலக சாதனை விலை. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

சரி, கோலை விட்டால் எதைப் பார்ப்பது? அடுத்த மேட்சில் பந்தை விட்டுவிட்டு, உங்கள் மகளின் தலையை மட்டும் பத்து நிமிஷம் பாருங்கள். பந்து அவளிடம் வந்து சேர்வதற்கு முன்னால் தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாளா? ஒருமுறையா, இரண்டு மூன்று முறையா? அக்கா மகளின் ஆட்டத்தில் நான் கடைசியில் இதைத்தான் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். மாநில சாம்பியன்ஷிப்பில் ஒரு மேட்ச். பின்களத்தின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் பந்தை உருட்டிவிடுகிறாள், இவள் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பின்னால் ஒருத்தி அழுத்த வருவது தெரிந்துவிட்டது. பந்தை நிறுத்தவே இல்லை, உடம்பைப் பாதி திருப்பி, தூரக் காலின் உட்பக்கத்தால் தொட்டுத் திறந்த பக்கம் எடுத்துப் போய்விட்டாள். வந்தவள் காற்றை உதைத்தாள். கேலரியில் யாரும் கைதட்டவில்லை. அடுத்த நிமிஷம் விங்கில் ஒரு பெண் ஓட்டமாக ஓடி கிராஸ் போட்டதற்குக் கூட்டமே எழுந்து நின்றது. நடுக்களத்தில் ஆடுகிறவர்களின் தலையெழுத்து அப்படி.

இந்த வித்தியாசம் தொழிலிலும் தெரியும். விங்கில் ஆடுகிற பெண்ணின் வேகத்தை ஒரே நாள் ட்ரையல்ஸில் கண்டுபிடித்துவிடலாம். நடுவில் ஆடுகிறவளின் புத்தியைக் கண்டுபிடிக்க நாலைந்து முழு மேட்ச்சாவது வேண்டும். அதனால் மிட்ஃபீல்டர் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் படுவாள். பத்தொன்பது வயதில் தேசிய கேம்ப் அழைப்பு வரவில்லை என்று ஆட்டத்தை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். அந்த வயதில் முடிவு கட்டுவது மகா தவறு.

மனீஷா கல்யாண் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும். பஞ்சாபில் ஹோஷியார்பூர் மாவட்டத்துக்காரர், 2001இல் பிறந்தவர். நடுக்களத்திலும் ஆடுவார், முன்களத்திலும் ஆடுவார், பெரும்பாலும் ஓரமாக. இருபது வயதுக்குள்ளேயே நம்ம மதுரை சேது எஃப்.சி.க்கு ஆடினார், 2019இல் சேது லீக் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். அப்புறம் கோகுலம் கேரளா. 2021 நவம்பரில் மனாஸில் பிரேசிலுக்கு எதிராக இந்தியா 6-1 என்று தோற்றது, அந்த ஒரு கோல் இவருடையது. 2022 ஆகஸ்டில் சைப்ரஸின் அப்பலான் அணிக்காக அறுபதாவது நிமிஷத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பிறகு கிரீஸில் பாவோக், 2025இல் பெருவின் அலியான்ஸா லிமா. முழுக்க முழுக்க கிளப் ஒப்பந்தத்தை வைத்தே உலகம் சுற்றும் தொழில் வாழ்க்கை. எல்லாப் பெண்களும் இதைத்தான் கனவு காண்கிறார்கள், காணட்டும். ஆனால் அந்த வழியில் இத்தனை தூரம் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த பிரேசில் மேட்ச்சில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு மனீஷாவின் கோலைவிட அதுதான் பிடிக்கும். பிரேசிலின் ஃபோர்மிகா தேசிய அணிக்கு விடைகொடுத்த மேட்ச் அது. அப்போது அவருக்கு 43 வயது. 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பை, ஏழு ஒலிம்பிக்ஸ். அவர் என்ன பொசிஷன்? மிட்ஃபீல்டர். கால் வேகம் குறைந்தாலும், எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு குறைவதில்லை. தாமதமாகக் கண்ணில் படுகிறவள், நீண்ட நாள் ஆடவும் முடியும்.

நீண்ட நாள் ஆட வேண்டுமென்றால் நடுவில் சாப்பிட வேண்டுமே! இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

2024-25 இந்திய மகளிர் லீகில் எட்டு அணிகள். ஒரு அணிக்கு 14 மேட்ச். ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிந்தது, ஈஸ்ட் பெங்கால் பட்டம் வென்றது. இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீகில் அந்த சீசன் பன்னிரண்டு அணிகள், ஒரு அணிக்கு லீக் மேட்ச் மட்டும் 22, கோப்பைப் போட்டிகள் தனி. ஸ்ட்ரைக்கருக்குக்கூடப் பயிற்சியில் கோல் அடித்துப் பழகிக்கொள்ள முடியும். மிட்ஃபீல்டருக்கு நிஜ மேட்ச்சில் இருபத்திரண்டு பேர் நகரும் குழப்பம் வேண்டும், வேறு எதிலும் அந்தக் கண் வளராது. அதனால் மேட்ச் குறைவு என்பது மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் பெரிய நஷ்டம்.

பணம்? 2023 ஜனவரியில் வெளியிட்ட தொலைநோக்குத் திட்டத்தில், லீகின் மேல்மட்ட கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது சம்பளம் தர வேண்டும் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் சொன்னது. மாதத்துக்கு 27 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்தத் தொகை பன்னிரண்டு மாதமும் வந்தால் நல்லதுதான். அக்கா மகளின் ஒப்பந்தம் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் இருந்தது. அதிலும் கடைசி மாதச் சம்பளம் இழுத்தடித்து, சீசன் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் வந்தது. மீதி மாதங்களில் அம்மா கையை எதிர்பார்த்து உள்ளூர் கிரவுண்டில் பசங்களோடு ஆடிக்கொண்டிருந்தாள். "மாமா, உடம்பு ஃபிட்டாத்தான் இருக்கு, ஆட்டம்தான் துருப்பிடிக்குது" என்றாள் ஒருநாள். வேலைக்கு விண்ணப்பம் போட்டது அதற்குப் பிறகுதான்.

வேலை வந்தால் ஆட்டம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுகிறேன். கடலூர் இந்துமதி கதிரேசன், இந்திய அணியின் மிட்ஃபீல்டர். தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கின்போது சென்னை அண்ணா நகரில் தெருவில் நின்று டியூட்டி பார்த்தார், பத்திரிகைகளில் படம் வந்தது. அதன் பிறகும் இந்தியாவுக்கு ஆடினார். இன்னொருவர் சங்கீதா பாஸ்ஃபோர், மேற்கு வங்கத்துக்காரர், எல்லைக் காவல் படையான எஸ்.எஸ்.பி.யில் பணி. 2025 ஜூலை 5, சியாங் மாய் நகரில் தாய்லாந்தை இந்தியா 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குப் போனது. தகுதிச் சுற்றில் ஆடி இந்தியப் பெண்கள் அங்கே போவது அதுவே முதல்முறை. தரவரிசையில் தாய்லாந்து நம்மைவிட எவ்வளவோ மேலே. இரண்டு கோலும் சங்கீதாதான். (மிட்ஃபீல்டர் கோல் அடிக்க மாட்டாள் என்று நான் மேலே சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

வேலைக்கும் விலை உண்டு, மறைக்கவில்லை. கிளப்பில் ஆட மேலதிகாரியின் அனுமதி வேண்டும், அது சீசன் தொடங்கிய பிறகு வந்து சேரலாம். துறைகளுக்கு இடையிலான போட்டி ஒரு பக்கம், லீக் ஒரு பக்கம் என்று தேதி மோதும். ஒரு நல்ல அதிகாரி வந்தால் கிரவுண்டு கிடைக்கும், அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி கெஞ்ச வேண்டும். ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம், முட்டி போனால் மருத்துவச் செலவு. அந்த இரண்டாவதை லேசாக நினைக்காதீர்கள்.

முட்டியின் முன் சிலுவைத் தசைநார், கிரவுண்டில் எல்லாரும் ஏ.சி.எல். என்பார்கள். அது கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களிடம் அதிகம். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருதை இரண்டு முறை வாங்கிய ஸ்பெயின் மிட்ஃபீல்டர் அலெக்சியா புத்தேயாஸுக்கு 2022இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பான யூரோ போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள் பயிற்சியில் அது கிழிந்தது. திரும்பி வர அடுத்த ஆண்டு ஆனது. அவருக்குப் பின்னால் பார்சிலோனாவின் மருத்துவக் குழு இருந்தது. இங்கே அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது, அதற்குப் பிறகு ஒன்பது பத்து மாதம் பிசியோதெரபிக்கு யார் கட்டுவது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். "எல்லாம் கிளப் பார்த்துக்கும் சார்" என்று வாயால் சொன்னால், அதையே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கேட்டால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

உரிமை எழுத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு மிட்ஃபீல்டர்தான் உதாரணம். ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் கர்ப்பமாக இருந்தபோது பிரான்ஸின் லியோன் கிளப் முழுச் சம்பளம் தரவில்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மகப்பேறு விதிகளைக் காட்டி வழக்குப் போட்டு 82 ஆயிரம் யூரோவுக்கு மேல் வாங்கினார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது ரொம்ப தூரம் என்று தோன்றும். ஒப்பந்தம் என்றால் என்னவென்று இப்போதே தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் கையை மீறிப் போவதும் உண்டு. 2022 ஆகஸ்டில் கோகுலம் பெண்கள் ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் போய் இறங்கிவிட்டார்கள். அதே நேரம் நம் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஒரு மேட்ச்கூட ஆடாமல் திரும்பினார்கள். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமே இல்லை. இதற்கெல்லாம் திட்டம் போட முடியாது, வேலை என்று ஒன்று இருந்தால் தாங்கிக்கொள்ள முடியும், அவ்வளவுதான்.

இனி உடனே செய்ய வேண்டியவை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் படிவம்தான் உயிர். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழக அளவில் படிவம் 3, பள்ளித் தேசியப் போட்டிக்குப் படிவம் 4. போட்டி முடிந்த சூட்டோடு சூடாக, சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர் மாறுவதற்குள், கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். நாலு வருஷம் கழித்துப் போனால் "அந்த ரெஜிஸ்டர் பழைய செயலாளர்கிட்ட இருக்கும்" என்பார்கள். எங்களிடம் சொன்னார்கள்.

கல்லூரியை விட வேண்டாம். பட்டம் இருந்தால் கான்ஸ்டபிள் தேர்வோடு நிற்காமல் எஸ்.ஐ. தேர்வும் எழுதலாம். சேர்க்கும்போது அந்தக் கல்லூரிக்குப் பெண்கள் அணி நிஜமாகவே இருக்கிறதா, தினமும் பயிற்சி நடக்கிறதா என்று நேரில் போய்ச் சாயங்காலம் கிரவுண்டைப் பாருங்கள். போட்டோ ஆல்பத்தைக் காட்டினால் நம்பாதீர்கள்.

அவளுடைய முழு மேட்ச் வீடியோக்களைச் சேர்த்து வையுங்கள். கோல், ட்ரிப்ளிங் என்று வெட்டி ஒட்டிய இரண்டு நிமிஷ வீடியோவில் மிட்ஃபீல்டர் தெரியவே மாட்டாள். நல்ல கோச் முழு ஆட்டத்தைத்தான் கேட்பார். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று எடுக்காமல், பக்கவாட்டில் உயரமான இடத்திலிருந்து எடுங்கள்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு ட்ரையல்ஸ் வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது வாட்ஸப்பில் வருவார்கள். எங்களுக்கும் வந்தார்கள். பணம் கட்டாதீர்கள். ஆட்டக்காரி வேண்டுமென்றால் கிளப்பே நேராக எழுதும், கடிதத்தில் இருக்கும் கிளப்பின் மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.