கூரையை வெட்டுவதற்கு முன் காரை வெளியே எடுங்கள்

கேள்வி: 2012 ஆகஸ்டில் பதிவான இரண்டு கதவு கூபே காரை மூன்றாவது உரிமையாளராக வாங்கினேன். மேற்கூரை திறக்கும் கார் என்பது என் சிறு வயதுக் கனவு. கோவையில் ஒரு பட்டறையில் 8 லட்சத்துக்குப் பேசி 3 லட்சம் முன்பணம் கொடுத்தேன். மூன்று மாதத்தில் முடிப்பதாகச் சொன்னவர்கள் ஏழு மாதமாக இழுத்தடிக்கிறார்கள். போன் செய்தால் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள். நான் கேட்டது கறுப்புத் துணி, வாங்கி வைத்திருப்பது பழுப்பு. இருக்கைகளையும் உள்கூரையையும் கழற்றிவிட்டார்கள், மேற்கூரையை இன்னும் வெட்டவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் மாற்றிக் கொடுப்பது தங்கள் பொறுப்பு என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். வேலையைத் தொடரச் சொல்லட்டுமா? அல்லது நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு முன்பணத்தையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் வாங்கட்டுமா?
— வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: "மேற்கூரையை இன்னும் வெட்டவில்லை." துணியின் நிறம், போனில் பேசிய பேச்சு, ஏழு மாதத் தாமதம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். இந்தத் தாமதம்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. சொன்னபடி மூன்றே மாதத்தில் முடித்துக் கொடுத்திருந்தால் இன்று உங்களிடம் இருப்பது சாலையில் ஓட்ட முடியாத, விற்கவும் முடியாத ஒரு வண்டி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும் அளவுக்கு எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். பாடி வகைக்கு ஒரு கட்டம், வெற்று எடைக்கு ஒரு கட்டம் இருக்கும். கூரையை வெட்டினால் இரண்டுமே பொய்யாகிவிடும். எரிபொருளை மாற்றுவதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியை அமைப்பதற்கும் சட்டம் வழி விட்டிருக்கிறது. கூரைக்கு விடவில்லை. இதில் இழுபறி இருந்த காலமும் உண்டு. 2019 ஜனவரி 9-ஆம் தேதி கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உற்பத்தியாளரின் விவரமே எல்லை என்று சொல்லி அதை முடித்துவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அந்த 5,000 ரூபாயைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். "பிடித்தால் கட்டிவிட்டுப் போகலாம்" என்ற கணக்கு. உண்மையான அடி 53, 54-ஆவது பிரிவுகளில் இருக்கிறது. வண்டி சட்டத்துக்கு உட்பட்ட நிலையில் இல்லை என்று கண்டால், குறை சரிசெய்யப்படும் வரை பதிவை நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைப்பு தொடர்ச்சியாக ஆறு மாதம் நீடித்தால் பதிவையே ரத்து செய்யலாம். அதிக ஒலி எழுப்பும் சைலன்சர் என்றால் ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பழையதை மாட்டி நிறுத்திவைப்பை நீக்கிவிடலாம். வெட்டிய கூரையை என்ன செய்வீர்கள்? உடைந்த வண்டி ஒன்றிலிருந்து கூரையை வாங்கி வெல்டிங் வைத்தாலும் அதை மோட்டார் வாகன ஆய்வாளர் ஏற்க வேண்டும், அவர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரத்தான பிறகு மிச்சம் இருப்பது பழைய இரும்பு விலைதான்.

யாரும் பிடிக்காவிட்டாலும் உங்கள் காருக்கு நாள் குறித்தாகிவிட்டது. 2012 ஆகஸ்டில் பதிவான தனியார் கார் என்றால் 2027 ஆகஸ்டில் 15 ஆண்டு முடிகிறது. புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். ஆர்.சி.யில் கூபே, எதிரே நிற்பது துணிக் கூரை. அந்த இடத்தில் எந்தப் பேச்சும் எடுபடாது.

இனி, பட்டறைக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடிய, அல்லது நாளை சொல்லப்போகிற சமாதானங்கள். ஒன்று, "மாற்றிவிட்டு 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் போதும்." அந்த 14 நாள் 52-ஆவது பிரிவிலேயே உள்ளதுதான். ஆனால் அது சட்டம் அனுமதிக்கும் மாற்றங்களைப் பதிவேட்டில் ஏற்றும் வழி. தடுத்த மாற்றத்தைத் தெரிவித்தால் உங்கள் கையெழுத்திலேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாக ஆகும். இன்னொன்று, "துணியும் ஹைட்ராலிக் மோட்டாரும் சான்று பெற்றவை." உதிரி பாகத்துக்கான சான்று வண்டிக்கான சான்று ஆகாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன் கீழ் முழு வண்டியின் மாதிரியைச் சோதனைக்குக் கொடுப்பது உற்பத்தியாளர், இறக்குமதியாளர் வேலை. ஒற்றைக் காரை வெட்டிய பட்டறைக்கு அந்த வாசல் கிடையாது. மகிந்திரா தார் துணிக் கூரையோடு ஓடுகிறதே என்று கேட்பீர்கள். அது ஆலையிலேயே அப்படி ஒப்புதல் பெற்று வந்தது, ஆர்.சி.யும் அதற்கேற்பவே இருக்கிறது.

மூன்றாவது சமாதானம்தான் ஆபத்தானது: "ஆர்.சி.யில் நாங்களே மாற்றித் தருகிறோம்." இதற்கு நேர்வழி இல்லை. எனவே வருவது போலிப் பதிவாகவோ, கழித்துக் கட்டிய வேறொரு கன்வர்டிபிள் (ஆலையிலேயே மேற்கூரை திறக்கும்படி செய்த) காரின் எண்களை உங்கள் வண்டியில் பொறித்ததாகவோ இருக்கும். அதுவரை அபராத வழக்காக இருந்தது அன்று முதல் மோசடி வழக்காகிவிடும். ஆவணத்தைப் பயன்படுத்துபவர் நீங்கள், முதலில் குற்றம் சாட்டப்படுபவரும் நீங்கள்தான். பட்டறைக்காரர் "எனக்கு எதுவும் தெரியாது" என்பார்.

பழைய கார் ஆர்வலர் யாராவது மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உதாரணம் காட்டக்கூடும். தனிச் சேசிஸ் வண்டி, அதாவது பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் உள்ளது, கூரையைப் போல்ட் கழற்றியே எடுத்துவிடலாம். மெக்கானிக் பேச்சாக அது சரி. 52-ஆவது பிரிவு போல்ட்டா வெல்டிங்கா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் சேசிஸ், பாடி, எஞ்சின் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்றே கேட்கின்றன.

இவ்வளவும் வண்டியோடு போகும் நஷ்டம். வழக்கில் சிக்கியவர்கள் வீட்டை அடகு வைக்கும் இடம் வேறு: விபத்து.

உங்கள் கார் தனிச் சேசிஸ் இல்லாத வகை. கூரையும் அதன் இருபக்கப் பெட்டி இரும்பும் சேர்ந்துதான் வண்டி முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கின்றன. ஆலையில் கன்வர்டிபிளாகச் செய்யும்போது கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டை இரட்டிப்பாக்குவார்கள். முன் கண்ணாடிச் சட்டத்துக்குள் இரும்புக் குழாய் வைப்பார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்குச் சுவரும், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையமும் வரும். இதனால்தான் அதே காரின் கூபேயைவிட கன்வர்டிபிள் சாதாரணமாக 100 முதல் 200 கிலோ கனமாக இருக்கும். பட்டறையில் பெரும்பாலும் இரண்டு சதுரக் குழாயை அடியில் பற்ற வைத்து முடித்துவிடுவார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு சாத்தாது, சில மாதத்தில் முன் கண்ணாடி ஓரத்தில் கீறல் ஓடும். கூரை ஓரத்தில் மடித்து வைத்த திரை ஏர்பேக்கையும் கழற்றியிருப்பார்கள்.

விபத்து நடந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தருவார். கூரை வெட்டப்பட்டிருக்கிறது, பற்றவைப்பு விட்டிருக்கிறது என்று அதில் ஒரு வரி விழுந்தால் போதும். சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் அங்கேயே முடிந்துவிடும். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபர் விஷயத்தில் 150-ஆவது பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சில எதிர்வாதங்களை மட்டுமே தருகிறது. கூரை வெட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை என்று சிலர் தைரியம் சொல்வார்கள். முக்கியமான விவரத்தை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்ற வாதம் அதில் இருக்கிறது, அதைத்தான் எடுப்பார்கள். அது எடுபட்டால் தீர்ப்பாயம் வழக்கமாகச் சொல்வது: "நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்." அப்படி வசூலிக்கத் தனி வழக்குத் தேவையில்லை, அதே உத்தரவை நிறைவேற்றும் மனுவிலேயே உங்கள் சொத்து ஜப்திக்கு வரும். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்த வழக்கில் அந்தத் தொகைக்கு முன்னால் உங்கள் 3 லட்சம் ஒன்றுமில்லை.

பாலிசியையும் ஒருமுறை புரட்டுங்கள். பழைய கார் என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், பின்சீட்டில் உட்கார்ந்து வரும் உங்கள் நண்பர்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. கூரை இல்லாத காரில் முதலில் வெளியே விழுவது அவர்கள்தான். "முடித்த பிறகு பிரச்சினை வந்தால் விற்றுவிடுகிறேன்" என்பதும் உதவாது. வாங்கியவர் பெயர் மாற்றாதவரை பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்ற முடியாத வண்டியை வாங்குபவர் எப்படி மாற்றுவார்?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நுகர்வோர் ஆணையத்தில் போடாதீர்கள். நீங்கள் இணைத்து அனுப்பிய வாட்ஸ்அப் பக்கங்களில் ஒன்றில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "ஆர்டிஓ பக்கம் எப்படியாச்சும் சரி பண்ணிருங்ணா, செலவு நம்ம பொறுப்பு." எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தாக்கல் செய்வது இதைத்தான். சட்டம் தடுத்த வேலைக்கான ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் 23-இன் கீழ் செல்லாது, தடுத்தது தெரிந்தே போட்ட ஒப்பந்தத்தில் கொடுத்த பணத்தை நீதிமன்றம் மீட்டுத் தராது என்பார். 65-ஆவது பிரிவைக் காட்டி "செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது" என்று நாம் வாதாடலாம். இந்த வாட்ஸ்அப் வரிக்குப் பிறகு அது நிற்காது. மன உளைச்சலுக்கு இழப்பீடு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஆனால் பட்டறையும் பாதுகாப்பான இடத்தில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 'டீலர்' என்பதில் வண்டி பழுதுபார்ப்பவரும் அடக்கம். கட்டமைப்பு விதிகளை மீறி வண்டியை மாற்றும் டீலருக்கு 182-ஏ முதல் உட்பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். இது அவர்களுக்கும் தெரியும். அதனால் உட்கார்ந்து பேசினால் இறங்கி வருவார்கள். ஒன்றில் மட்டும் கவனம்: "பணம் தராவிட்டால் போலீசில் சொல்வேன்" என்று எழுத்தில் போடாதீர்கள். மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்ததாக உங்கள் மேலேயே புகார் திரும்பும்.

பணத்தைவிடக் காரை முதலில் வெளியே எடுங்கள். செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. கழற்றிய வேலைக்குக் கூலி கேட்டால் பேரம் பேசிக் கொடுத்துவிடுங்கள், அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம். போகும்போது விவரம் தெரிந்த டிங்கர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கூரை ஓர ரப்பரை விலக்கி, புள்ளி வெல்டிங்குகளில் துளை போட்ட தடம் இருக்கிறதா, பின் கண்ணாடியின் பசையை அறுத்திருக்கிறார்களா, திரை ஏர்பேக் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எழுதி, போட்டோ எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட டெலிவரி ரசீதோடுதான் வண்டி வெளியே வர வேண்டும். துளை போட்ட தடம் தெரிந்தால் இழுவை வண்டியில் ஏற்றுங்கள், ஓட்டி வராதீர்கள்.

முன்பணத்தில் துணி, மோட்டார் வாங்கியது போக மிச்சம் என்று ஒரு கணக்குக் காட்டுவார்கள். அந்தச் சாமான்களை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஒன்றரை லட்சம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் நகரவில்லை என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்துக்காக இரண்டு வருடம் நடந்து, அந்த வாட்ஸ்அப் வரிக்குக் கூண்டில் நின்று பதில் சொல்வதைவிட இது லாபம். பணம் வங்கிக் கணக்கு வழியாக வரட்டும். தவணை கேட்டால் தேதியிட்ட காசோலைகள் வாங்குங்கள், பணமில்லாமல் திரும்பி வந்தால் காசோலை மோசடிக்கான 138-ஆவது பிரிவு வழக்கை எப்படி நடத்துவது என்று உங்கள் வழக்கறிஞருக்குத் தெரியும். தீர்வுக் கடிதத்தில் பழைய கதை எதுவும் வேண்டாம். வண்டி பாகங்களோடு திரும்பப் பெறப்பட்டது, கணக்கு முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது, இரு தரப்புக்கும் இனி பாக்கி இல்லை என்ற மூன்று வரி போதும்.

திறந்த கார் வேண்டும் என்ற ஆசை இன்னும் இருந்தால், ஆலையிலிருந்தே அப்படி வந்த பழைய கன்வர்டிபிளைத் தேடுங்கள். கையில் இருக்கும் கூபேயை முழுதாக விற்றால் வரும் பணமும், நீங்கள் பட்டறைக்குக் கொடுக்கவிருந்த மீதி 5 லட்சமும் அதற்கு உதவும். வாங்கும் முன் ஆர்.சி.யில் பாடி வகைக் கட்டத்தையும், வண்டியில் பொறித்த சேசிஸ் எண்ணையும் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். கோவைப் பட்டறைபோல் ஒன்றில் வெட்டப்பட்ட வண்டியும் சந்தையில் கன்வர்டிபிள் என்ற பெயரில்தான் விலைக்கு நிற்கும்.