‘ஆவன செய்யப்படும்’ என்றால் எப்போது சார்?

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கிற ‘கேள்வி நேரம்’ பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து. ரோடு பற்றிப் பாதி, பள்ளிக்கூடம் பற்றிப் பாதி. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்டார். அமைச்சர் எழுந்து, “அது நெடுஞ்சாலைத் துறைச் சாலை அல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் ஒரு பதிலா?
– வலங்கைமான் பக்கமிருந்து ஒரு வாசகர்

பதில்தான், நமக்குப் பிடிக்காத பதில். கேள்வியைத் தப்பான கதவில் தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறை. டவுனுக்குள் நுழைந்தால் நகராட்சி. இதோடு நம்ம டெல்டாவில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும்: ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் நீர்வளத் துறையுடையவை (2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து, அதாவது பி.டபிள்யூ.டி.யிலிருந்து, தனியாகப் பிரித்தும் நம்மாட்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. கரை என்றுதான் சொல்கிறார்கள்). தரை ஒரு துறைக்கும் மேலே கிடக்கிற தார் வேறொரு துறைக்கும் சொந்தமாக இருக்கிற இடங்கள்கூட உண்டு. வெண்ணாற்றங்கரையில் ஆறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் பாருங்கள், தாரின் நிறம் சட்டென்று மாறுகிற இடம் வரும், அதுதான் எல்லை. குழி மட்டும் இந்தப் பக்கமும் இருக்கும், அந்தப் பக்கமும் இருக்கும்.

அதனால் எம்.எல்.ஏ.விடம் மனுவைக் கொடுப்பதற்கு முன்னால் மைல் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. அந்த மாதிரிச் சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு பெயர்ப் பலகை இருக்கணும். நீளம், செலவு, வேலை முடிந்த தேதி, காண்ட்ராக்டர் பெயர் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். பாதிப் பலகை துருப்பிடித்து, மீதியை யாராவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி மறைத்திருப்பார்கள், போஸ்டரைக் கிழித்துவிட்டுத் தேதியை மட்டும் படியுங்கள். வேலை முடிந்து 5 வருஷம் வரைக்கும் பராமரிப்பு அந்தக் காண்ட்ராக்டர் தலையில்தான். 5 வருஷத்துக்குள் பெயர்ந்திருந்தால் ‘சாலை போடுவீர்களா’ என்று கேட்கக் கூடாது, ‘அவரைக் கூப்பிட்டீர்களா’ என்று கேட்கணும்.

எங்கள் எம்.பி. பார்லிமென்டில் கேள்வி கேட்டார் என்று மன்னார்குடி முழுக்கப் போஸ்டர். டி.வி.யில் ஒருநாளும் பார்க்கவில்லையே?

கேட்டிருப்பார், எழுத்தில். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விக்குத்தான் நட்சத்திரக் குறி. அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வதும், அதன்மேல் துணைக் கேள்வி கேட்க முடிவதும் இவற்றில் மட்டும்தான். குறி இல்லாதவை 230 வரைக்கும் வரும், எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில். யாருக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். காலை 11 மணியிலிருந்து 12 வரைக்கும் இருக்கிற ஒரு மணி நேரத்தில் இருபதும் முடிவது அபூர்வம், 2019 நவம்பரில் ஒருநாள் அப்படி முடிந்தபோது அதையே செய்தியாகப் போட்டார்கள்.

எழுத்துப் பதில் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். நோட்டீஸ் கொடுத்ததற்கும் பதில் வருவதற்கும் நடுவில் குறைந்தது 15 நாள் இருக்கிறது. அந்த நாட்களில் கேள்வி தலைநகரிலிருந்து படிப்படியாக இறங்கிக் கடைசியில் உங்கள் பக்கத்து உதவிப் பொறியாளர் மேசையில் வந்து விழும். அமைச்சர் படிக்கிற வரிக்கு முதல் எழுத்து அங்கேதான் விழுகிறது. திடீரென்று ஒரு ஜீப் வந்து நின்று குழியை டேப் வைத்து அளந்தால் எங்கேயோ ஒரு கேள்வி போயிருக்கிறது என்று அர்த்தம்.

“பரிசீலனையில் உள்ளது”, “ஆவன செய்யப்படும்”. இப்படிச் சொன்னால் நடக்காது என்றுதானே அர்த்தம்?
– திருத்துறைப்பூண்டி வாசகி

அம்மா, நீங்கள் சொல்கிற அர்த்தம் நம்ம டீக்கடை அகராதியில் இருக்கிறது. அவை விதிப்படி இதே வார்த்தைகள் வாக்குறுதிக் கணக்கில் போய்ச் சேரும். மக்களவையில் இதற்கென்றே 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. பரிசீலிக்கிறோம், தகவல் திரட்டி அவையில் வைக்கிறோம் என்று அமைச்சர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு 3 மாதத்தில் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். 3 மாதத்தில் முடியாதா, அவகாசம் கேட்டு எழுதணும். நம்ம சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, மாவட்டத்துக்கு நேரில் வந்து ஆய்வும் செய்கிறது. அது வருகிற நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மாலையோடு நிற்கிறவர்கள் நிறைய. அமைச்சர் பதில் சொன்ன தேதியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நிற்கிறவர் ஒருத்தர் இருந்தால் போதும்.

வருஷா வருஷம் பேட்ச் ஒர்க் போடுகிறார்கள். ஐப்பசி மழையில் போய்விடுகிறதே, ஏன்?

தண்ணீர்தான் காரணம். நம்ம மண் களிமண், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நிற்க, ரோட்டோரத்து மண் அணைப்பு கரைந்துபோய், தாரின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடையும். அப்புறம் அறுவடைச் சமயத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்கு வருகிற லாரி, மாட்டு வண்டிக்காகப் போட்ட தெருவில் மூட்டையோடு ஏறும்.

இன்னொன்றும் நடக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போகிறார்கள். நான் பள்ளிக்கூடம் போன நாளில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படி ஏறணும். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம், கார்த்திகை மழைக்கு வாசலில் மணல் மூட்டை. யாரிடம் சொல்லியும் பலனில்லை. ‘ரோடு நல்லாத்தானே சார் இருக்கு’ என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கு.

ஒன்றியப் பள்ளிக்கூடம் ஒழுகுகிறது. கல்வி அமைச்சரை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஆசிரியர் இல்லையென்றால் அவரைக் கேட்கலாம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் என்றால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ், அதாவது ஊரக வளர்ச்சித் துறை. ரோட்டுக் கதைதான் இங்கேயும். டெல்லியில் கேட்டால், கல்வி பொதுப்பட்டியலில் (மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பட்டியல்) இருக்கிறது, பள்ளிகளை நடத்துவது மாநில அரசு என்று பதில் தொடங்கும். 1976-இல் 42-ஆவது திருத்தம் வரைக்கும் அது மாநிலப் பட்டியலில் இருந்தது என்பதை அந்தப் பதிலில் சொல்ல மாட்டார்கள்.

பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, புதிதாகத் தேவையில்லை என்று அவையில் பதில் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது சார்.
– கோரையாற்றங்கரையிலிருந்து ஒரு தகப்பனார்

வந்த கடிதங்களில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது இதுதான். அமைச்சர் பொய் சொல்லவில்லை, வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடியில் தண்ணீர் வந்ததும் மூங்கில் பாலத்தில் பெரிய பிள்ளைகள் போய்விடுவார்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் போகிறீர்கள், அன்றைக்கு நடவுக் கூலி அரை நாள் போச்சு.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்காக 2010-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் ஒரு கிலோமீட்டர் என்பதை நடந்து போகிற தூரமாகத்தான் சொல்கின்றன. வெள்ள ஆபத்து இருக்கிற இடம், சாலை இல்லாத இடம், சின்னப் பிள்ளைகள் வருகிற வழியில் ஆபத்து உள்ள இடம் என்றால் அந்தத் தூரத்தையே குறைக்கணும் என்றும் இருக்கிறது. பள்ளியே இல்லாத சின்னக் குடியிருப்பு என்றால் இலவச வண்டி மாதிரி ஏற்பாடும் செய்யணும்.

அதனால் ‘பள்ளி வேண்டும்’ என்று மறுபடியும் மனு எழுதாதீர்கள், பழைய பதிலே திரும்பி வரும். உங்கள் எம்.எல்.ஏ.விடம் இதை அப்படியே கொடுங்கள்: ஆற்றின் இக்கரைக் குழந்தைகள் அக்கரைப் பள்ளிக்கு நடந்து செல்லும் தூரம் எவ்வளவு; அந்த வழியில் உள்ள மூங்கில் பாலம் எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது; நிரந்தர நடைபாலம் அமையும் வரை வாகன வசதி செய்து தர அரசு ஆவன செய்யுமா?